சூடு ஆறாத பொடி

அரைத்த பொடியைச் சூடு ஆறவிடுவது திலகவதிக்கு வழக்கமில்லை. ஆண்டியப்பனின் மாவு மில்லில், இயந்திரத்தின் துணிக்குழாய் வழியே குளியல் பொடி வாளிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள். விரல் பொறுக்காத சூட்டோடு அள்ளி, பழுப்புக் காகித உறைகளில் போட்டு, வாயை மடித்து, நூலைச் சுற்றி இறுக்கிக் கூடையில் அடுக்குவாள். வீடு போய்ச் சேரும்போதும் கூடை, பால் கட்டிய ஆட்டின் மடியைப் போல வெதுவெதுப்பாக இருக்கும். சூடு போனால் வாசமும் கூடவே போய்விடும் என்பது அவளுடைய முடிவு. அம்முடிவை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கும்படியாக எதுவும் நடந்ததுமில்லை.

கறம்பக்குடிக்கு மேற்கே, தைலமரக் காடு முடிந்து முந்திரித் தோப்பு தொடங்கும் இடத்தில் அவர்கள் ஊர். கணவன் ஆத்மநாதன் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் ரோசாவும் பயிரிட்டவன். கீரமங்கலம் பூச்சந்தையில் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் ரோசா தேறாத நாள்களில், வீட்டில் குவியும் பூவை வீணாக்க மனமில்லாமல் திலகவதி உலர்த்தத் தொடங்கியதுதான் பொடியின் பிறப்பு. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிள்ளை பெற்ற வீடுகளில் அந்தப் பொடியைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

உலர்த்துகிற வேலை முழுவதும் செல்வராணியுடையது. அவள் ஆத்மநாதனின் அக்காள். கணவன் இறந்தபின் தம்பி வீட்டை அடுத்த ஓட்டுவீட்டில் குடியிருந்தாள். பகலில் களத்தில் பாய் விரித்துப் பூவையும் கிழங்கையும் புரட்டிப் போடுவாள். பொழுது சாய்ந்ததும் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கறம்பக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் போய் முழம் போட்டு விற்பாள். அவள் வாய்க்கு ஊர் பயந்தது. அவள் கைக்கு யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஆண்டு மாசியில், புதுக்கோட்டையில் இயற்கைப் பொருள்களுக்கென்று குளிரூட்டிய கடை வைத்திருந்த சூர்யபிரகாஷ் பொடியைக் கேள்விப்பட்டு ஆளனுப்பினார். பொடி அவருக்குப் பிடித்துப்போயிற்று. உறைதான் பிடிக்கவில்லை. இந்தக் காகிதப் பொட்டலத்தைத் தம் கடை அலமாரியில் வைத்தால் வருகிறவர்கள் பலசரக்குக் கடை என்று நினைப்பார்கள் என்றும், நல்ல அடைப்பில் வந்தால் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஒருமுறை என்ற சொல்லைத் திலகவதி மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டாள். ஊருக்குள் தெரிந்த பொடி புதுக்கோட்டைக்குத் தெரிவதும் தெரியாமற்போவதும் அந்த ஒருமுறையில் இருந்தது.

அடைப்பைத் தேர்ந்தெடுக்க அவள் அழைத்தது தன் உடன்பிறந்த தம்பி கோபிநாத்தை. அவன் சார்ஜாவில் வாசனைத் திரவியக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கிவிட்டுத் திரும்பியவன். திருச்சிக்குப் போய் ஒரு பை நிறைய மாதிரிகள் வாங்கி வந்து, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் வரிசையாக நிறுத்தினான்.

"என்னடா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் நிக்க வச்சிருக்க?" என்றாள் செல்வராணி.

"பொண்ணு பாக்குறதுதாங்க்கா. இங்கிட்டு உக்காருங்க, ஒவ்வொண்ணாச் சொல்றேன். இது கண்ணாடிப் புட்டி. பாக்க லெச்சணமா இருக்கும்."

"பஸ்ஸுல போட்டு அனுப்புனா புதுக்கோட்டை போறதுக்குள்ள பொடியும் கண்ணாடியும் கலந்து போயிரும். குளிக்கிறவ முதுகு கிழிஞ்சிரும். அடுத்தது?"

"தகர டப்பா."

திலகவதி அதை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, விளிம்பை விரலால் தடவினாள். "குளிக்கிற எடத்துல ஈரக் கையோட தொறப்பாங்க. ரெண்டு மாசத்துல துரு ஏறிடும்டா. கொழந்தைக்குப் பூசுறது."

துணிப்பையில் எறும்பு ஏறும் என்றார்கள். அட்டைக்குழாய் நனைந்தால் உப்பும் என்றார்கள். கடைசியில் நின்றது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. திருகு மூடி, அதற்கடியில் வெள்ளித்தாள். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சுட வைத்து அழுத்தினால் தாள் வாயோடு ஒட்டிக்கொள்ளும் என்றான் கோபிநாத். உள்ளே கொஞ்சம் பொடியைப் போட்டு, அப்படியே ஒட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குள் டப்பாவை முக்கிப் பிடித்தான். சினைப்பசு ஒன்று தொட்டிக்குள் தலையை விட்டு அவன் கையை நக்கியது. வெகுநேரம் கழித்து எடுத்துத் தாளை உரித்தபோது பொடி, போட்டபடியே புழுதியாகப் பறந்தது.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு உள்ள போகல."

"எனக்கு இதான்," என்றாள் செல்வராணி. "பொடி தீந்தா ஊறுகா போட்டு வச்சுக்கலாம்."

அதுவரை வாசற்படியில் அமர்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்த ஆத்மநாதன், "அப்ப வாங்குறவுக ஊறுகாய்க்காகத்தான் வாங்குவாக," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டப்பா முடிவாயிற்று.

பங்குனி வெயில் களத்தில் கால் வைக்கவிடாமல் எரித்தது. உலர்ந்த ரோசா இதழ் கையில் எடுத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. அரைத்த நாளில் திலகவதி இஸ்திரிப் பெட்டியையும் மில்லுக்கே கொண்டுபோனாள்.

"என்னம்மா, எம் மில்லுல சலவைக் கடையும் போடப் போறியா? கரண்டு பில்லு வந்தா அதுல பாதி ஒனக்கு," என்றான் ஆண்டியப்பன்.

"பொடிக்குச் சட்டை மாட்டுறேண்ணே. பிளக்கு எங்க இருக்கு?"

வழக்கம்போலச் சுடச்சுட அள்ளினாள், டப்பாவில் நிரப்பினாள், செல்வராணி வெள்ளித்தாளை வைக்க, இவள் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். டப்பாக்கள் தீர்ந்து வாளியில் சிறிது பொடி மிஞ்சியது. அதைப் பழைய காகித உறையில் போட்டுப் பக்கத்து வீட்டுக் கலைமதிக்குக் கொடுத்தார்கள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அன்று மாலையே பெட்டி புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறிற்று.

சித்திரை பிறந்து சில நாள்கள் சென்றிருக்கும். இடியாப்ப மாவு அரைக்கத் திலகவதியும் செல்வராணியும் மில்லில் வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஆகையால் கூட்டம். கோபிநாத்தின் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னிருக்கையில், போன பெட்டி திரும்பி வந்திருந்தது.

அவன் ஒரு டப்பாவைத் திறந்து திலகவதியிடம் நீட்டினான். பொடி கட்டிதட்டியிருந்தது. கட்டியின்மேல் சாம்பல்நிறப் பூசணம். ரோசாவும் வெட்டிவேரும் மணக்க வேண்டிய இடத்தில் மழையில் நனைந்த சாக்கின் வீச்சம் வந்தது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாளாம்.

"அத்தனை டப்பாவும் இப்படித்தான்க்கா. டப்பாவுல குத்தமில்ல, நாமதான் தொட்டில முக்கிப் பாத்தமே. வெளித் தண்ணி உள்ள போகாது. பொடியே ஈரமா இருந்திருக்கு."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். திலகவதியும் அப்படித்தான் பேசினாள். அதனால் வரிசையில் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது.

"அண்ணி, பாயில கெடந்த பூவுக்குத் தண்ணி தெளிச்சீங்களா?"

"என்னடி சொல்ற?"

"பழக்கதோசம் விடுமா? நேத்துப் பூவுக்குத் தண்ணியத் தெளிச்சு இன்னிக்குப் பூன்னு விக்கிற கைதான? நொறுங்கிக் கொட்டிப்போகுதுன்னு இதுக்கும் ரெண்டு கை தெளிச்சிருப்பீங்க. எம் பேரு நாறிப்போச்சு."

செல்வராணியின் வாய்க்குப் பயந்த ஊர், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது. அவளோ வரிசையில் வைத்திருந்த தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, அரைக்காத அரிசியோடு வெளியே போனாள்.

அன்றே திலகவதி சூர்யபிரகாஷுக்குத் தொலைபேசியில் பேசினாள். "காயவைக்கிற ஆள நிறுத்திட்டேன் சார். இனிமே அந்தத் தப்பு வராது. இன்னொருக்கா மட்டும் அனுப்புறேன், பாருங்க." அவர் சரி என்றார்.

இரவு சோறு போடும்போது ஆத்மநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். கறாராக எதையும் சொல்ல வராதவன் அவன். சொல்ல வேண்டியதை ஏதாவது பிராணியின் தலையில் ஏற்றித்தான் சொல்வான்.

"ஒரு கொக்கு பாறை மேல மீனக் காயப் போட்டுச்சாம். விடிஞ்சு பாத்தா மீனெல்லாம் நனைஞ்சு கெடக்கு. யாரு வந்தான்னு சுத்திப் பாத்துச்சு. ஆமை போய்க்கிட்டிருந்துச்சு. அதோட முதுகு ஈரமா இருந்துச்சு. இதான் ஏறியிருக்கும்னு ஆமையப் பஞ்சாயத்துல நிறுத்திருச்சாம்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆமை முதுகு பொறந்ததுலேருந்து ஈரந்தான். ராத்திரியெல்லாம் பெஞ்ச பனிய யாரும் கேக்கல. பனிக்கு அந்த ஊருல வீடு இல்லையில்ல, யாரப் போயி கூப்பிடுறது?"

"அப்ப நான் கொக்கு?"

"நான் கதைதான சொன்னேன்."

"ஒங்க அக்கான்னதும் ஆமைக்கு வக்காலத்து வாங்குறீங்க. எந் தம்பி வாங்கியாந்த டப்பாவுல ஓட்டைன்னா இன்னேரம் ஊரக் கூட்டியிருப்பீங்க."

ஆத்மநாதன் ரசம் கேட்டான். பேச்சு அதோடு நின்றது.

மில்லில் விழுந்த சொல் மில்லோடு நிற்கவில்லை. பேருந்து நிலையத்தில் செல்வராணியிடம் பூ வாங்குகிறவர்கள் சரத்தைத் தூக்கிப் பிடித்து உதறிப் பார்க்கத் தொடங்கினார்கள். சொட்டு விழுந்தால், "நேத்துப் பூவா?" என்று கேட்டுவிட்டு எதிர்க் கூடைக்குப் போனார்கள். பூ என்றால் வெயிலுக்கு நீர் தெளித்துத்தான் வைப்பார்கள். எதிர்க் கூடையிலும் அதே நீர்தான். ஆனாலும் பெயர் கெட்டது ஒருத்திக்குத்தான். அவள் இருட்டும் முன்பே பாதிக் கூடையோடு வீடு திரும்புவதைத் திலகவதி வேலிக்கு இப்பால் நின்று பார்த்தாள். பார்த்தும் மனம் இளகவில்லை.

இந்த முறை அவளே உலர்த்தினாள். பாயை விட்டு நகராமல் களத்து வேப்பமரத்தடியில் காவல் இருந்தாள். முகம் கறுத்தது, உள்ளங்கால் கொப்பளித்தது. நாகராசு என்கிற பக்கத்துத் தோட்டக்காரன் போகிற போக்கில், "என்ன மதினி, பூவுக்கு போலீசு காவலா?" என்று கேட்டதற்குக்கூட அவள் சிரிக்கவில்லை. அரைத்து, சுடச்சுட அடைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி முடித்து அவள் வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, கலைமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பொடி தீந்துபோச்சு. எனக்குக் காயிதத்துலயே குடுங்க. அன்னிக்குக் குடுத்தது கடைசிக் கை வரைக்கும் கமகமன்னு இருந்துச்சு."

"என்னிக்குக் குடுத்தது?"

"டப்பா பத்தலன்னு மிச்சத்தக் குடுத்தீங்களே, அது."

பெட்டியைக் கட்டிய கயிறு திலகவதியின் கையில் நின்றது. அதே நாள், அதே வாளி. நீர் தெளித்திருந்தால் கலைமதியின் பொடியும் அல்லவா பூசணம் பூத்திருக்க வேண்டும்?

"ஒருவேளை சீக்கிரம் தீந்ததால..." என்று தொடங்கினாள்.

"சீக்கிரமா? நேத்து வரைக்கும் இருந்துச்சுக்கா."

திலகவதி இன்னும் சூடு குறையாத ஒரு டப்பாவை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே வைத்துக்கொண்டாள். விலை பேசச் சூர்யபிரகாஷின் கடைக்குப் போயிருந்தபோது, அலமாரியில் இருந்த புட்டிகளெல்லாம் தொட்டால் கிணற்றடிக் கல்போலக் குளிர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அய்யாக்கண்ணுவின் டீக்கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, இத ஒங்க பிரிட்ஜுல கொஞ்ச நேரம் வைங்க."

"ஏம்மா, பொடிய சர்பத்து போட்டு விக்கப் போறியா?"

"வைங்கண்ணே, சொல்றேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காமலே கொடுத்த டீயைக் குடித்து முடித்தாள். பிறகு டப்பாவை வாங்கி, மூடியைத் திருகி, வெள்ளித்தாளை ஒரு முனையில் பிடித்து மெதுவாக உரித்தாள். தாளின் அடிப்புறம் முழுவதும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முத்துகள் சேர்ந்து ஒன்றாகிப் பொடியின்மேல் விழுந்தன. விழுந்த இடம் கறுத்தது.

அவள் கையால் உலர்த்தியது. அவள் காவல் காத்தது. அவள் கையால் அடைத்தது.

சூடு வெளியே போக வழியுள்ள காகிதம் அவளுடைய பழக்கத்தை இத்தனை காலமும் பொறுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் புகாத டப்பாவுக்குத் தண்ணீரை வெளியே விடவும் தெரியவில்லை. சோற்றுப்பானை மூடியின் அடியில் நாள்தோறும் அவள் பார்க்கிற வேர்வைதான் அது.

மாலையில் பெட்டியை எடுத்துப்போக வந்த கோபிநாத்திடம் தாளைக் காட்டினாள்.

"அப்ப டப்பா சரியில்லையாக்கா? வேற பாத்துருவமா?"

"டப்பா நல்ல டப்பாதான். நான்தான் கொதிக்கக் கொதிக்க அடைச்சேன். ராத்திரி முழுக்க வேட்டியில பரப்பி ஆறவிட்டு அடைச்சா இதுலயே நிக்கும்." பிறகு, "பொடியே ஈரம்னு நீ சொன்ன, நான் ஒரு நிமிசம் யோசிக்கல," என்றாள்.

"நானும் அவுங்களத் தப்பாச் சொல்லணும்னு சொல்லலக்கா..."

"அவுங்க பேரச் சொன்னது நான்தான்டா."

சூர்யபிரகாஷை அழைத்து, தவறு அடைத்தவளுடையது, காயவைத்தவளுடையது அன்று என்று சொன்னாள்.  வேலை விவரம் சொல்வதுபோலவே சொன்னாள். ஆறவிட்டு அடைத்ததை அனுப்பினால் பார்க்கிறேன் என்றார் அவர். அந்தப் பக்கம் எளிதாக முடிந்தது.

அண்ணி பக்கம் அப்படி முடியவில்லை. மறுநாள் கோட்டைப்பட்டினத்து மீன் வண்டி வந்தபோது நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, ஒரு தூக்கில் ஊற்றிக் கலைமதியிடம் கொடுத்தனுப்பினாள். தூக்கு அரைமணியில் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. அந்த ஊரில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. வீட்டில் ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டு அனுப்புவார்கள்.

"குழம்ப என்ன செஞ்சாங்க?"

"எனக்கு ஊத்திக் குடுத்துட்டாங்கக்கா. நல்லாருந்துச்சு," என்றாள் கலைமதி.

வெள்ளிக்கிழமை செல்வராணி மில்லுக்கு வரும் நேரம் பார்த்துத் திலகவதியும் போனாள். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

"ஆண்டியப்பண்ணே, மிசின நிறுத்துங்க."

"பாதி அரைபடுதும்மா..."

"நிறுத்துங்கண்ணே."

இயந்திரம் நின்றதும் மில் முழுவதும் காது அடைத்ததுபோல் ஆயிற்று. திலகவதிக்கு உரத்துப் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆயினும் அன்று பேசிய அதே உரப்பில் பேசினாள்.

"அன்னிக்கு இதே எடத்துல எங்க அண்ணி பூவுக்குத் தண்ணி தெளிச்சாங்கன்னு சொன்னேன். அவுங்க தெளிக்கல. நான் சூட்டோட அடைச்சதுல பொடி வேர்த்துப்போச்சு. நேத்துப் பூவ இன்னிக்குப் பூன்னு விக்கிறாங்கன்னும் சொன்னேன். அப்படி நான் பாத்ததே இல்ல. கோவத்துல சொன்ன பொய். கேட்டவுங்க எல்லாரும் இதையும் கேட்டுக்கங்க."

 செல்வராணி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து அரிசியைப் பார்த்தாள், மீண்டும் மூடினாள்.

"மில்லுல நிக்கிறவுங்களுக்குத் தெரிஞ்சு போச்சு," என்றாள். "பஸ்ஸ்டாண்டுல ஒதறிப் பாக்குறாளுகளே, அவளுக எல்லாம் இங்கியா மாவரைக்க வாராளுக?"

 இயந்திரம் மீண்டும் ஓடிற்று.

கடைத்தெருவில் தரையில் உட்கார்ந்து எதையும் விற்றவளில்லை திலகவதி. பொடியைக்கூட ஆள்வைத்தே கொடுத்தனுப்புவாள். அன்று பொழுது சாய்கையில், கறம்பக்குடிப் பேருந்து நிலையத்தில் செல்வராணி கூடையை இறக்கிச் சாக்கை விரித்ததும், இவள் போய் அந்தச் சாக்கின் ஓரத்தில் அமர்ந்தாள். செல்வராணி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகச் சொல்லவுமில்லை. பட்டுக்கோட்டைப் பேருந்து வந்து கூட்டத்தை இறக்கிற்று. பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்ணும் அவள் தாயும் வந்தார்கள். தாய் முல்லைச் சரத்தைத் தூக்கிப் பிடித்து உதறினாள். நீர் தெறித்தது.

"நேத்துப் பூவா?"

செல்வராணி வாய் திறக்குமுன் திலகவதி சொன்னாள்.

"இன்னிக்குப் பறிச்சதும்மா. வெயிலுக்குத் தெளிச்ச தண்ணி. இவுங்க பழைய பூ விக்கிறாங்கன்னு ஒரு பேச்சு கெளம்புச்சுல்ல, அது பொய்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ யாரு?"

"இவுங்க தம்பி பொண்டாட்டி. அந்தப் பொய்யச் சொன்னவ நான்தான்."

அந்தத் தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சரத்தைக் கூடையில் வைத்து, "ரெண்டு முழம் போடுங்க," என்றாள். செல்வராணி முழங்கையை நீட்டி அளந்து, அளவுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கிள்ளிக் கொடுத்தாள். பின்பு, திலகவதியைப் பார்க்காமலே, அவள் மடியில் ஒரு கை உதிரிப் பூவையும் வாழைநாரையும் போட்டாள்.

"சும்மா உக்காந்திருக்காத. கட்டு."

ஆலங்குடிப் பேருந்து உள்ளே திரும்பியது. இறங்கி வந்த ஒருத்தி கூடையண்டை குனிந்து, சரத்தை எடுத்து உதறினாள். நாரைப் பல்லில் கடித்திருந்த திலகவதி அதை எடுத்துவிட்டு, முன்னவளுக்குச் சொன்னதையே இவளுக்கும் முதலிலிருந்து சொன்னாள்.